கிரேன் மெயின்டனன்ஸ் அப்ரன்டிஸா போகப்போற தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டதை முதல்ல சுருக்கமா சொல்லிட்டு வாறன், வாசிக்கிற மற்ற ஆக்களுக்கும் விளங்கும். உங்களுக்கு 19 வயசு, விசுவமடு, ஏ.எல் டெக்னொலொஜி செய்து முடிச்சிட்டீங்கள், கொழும்புக்குக் கிட்ட கிரேன் சேர்விஸ் செய்யுற கொம்பனி ஒண்டில 3 வருச அப்ரன்டிஸ் இடம் கிடைச்சிருக்கு, மாமா "அது கிரீஸ் பூசுற வேலை, விடு" எண்டுறார், அம்மா உயரத்தில ஏறுற வேலை எண்டு பயப்படுறா, உங்களுக்குப் போகத்தான் விருப்பம், ஆனா முதல் வருசம் என்ன நடக்கும், இப்ப இருந்தே என்னத்தைப் படிச்சு வைக்கலாம் எண்டு கேக்கிறீங்கள்.

போங்கோ தம்பி, தாராளமா போங்கோ. என்ன வேலைக்குப் போறம் எண்டு விளங்கிக்கொண்டு போனா முதல் வருசம் கஷ்டமாத் தெரியாது, அதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதுறன்.

நான் வட்டக்கச்சி. 2011ல இதே மாதிரி ஒரு இடத்தில அப்ரன்டிஸா சேர்ந்தனான், பிறகு இந்தத் தொழிலை விடேல்ல. அதுக்கு முதல் பாரம் தூக்கிறதைப் பற்றி எனக்குத் தெரிஞ்சது, கிணத்துக்குள்ள விழுந்த வோட்டர் பம்மை மூண்டு மரத்தைக் கூட்டிக் கட்டி செயின் புளொக்கைத் தொங்கவிட்டு அப்பாவும் சித்தப்பாவும் வெளியில எடுத்ததுதான். அந்த செயின் புளொக்கில சங்கிலியை விட்டிட்டு வெத்திலை போட்டாலும் பம் கீழ போகாது, ஏனெண்டால் உள்ளுக்குள்ள ஒரு பிறேக் இருக்கு. அந்த யோசனைதான் 10 தொன் கிரேன்லயும் இருக்கு, அளவுதான் பெரிசு. வன்னியில வளந்த பெடியளுக்கு கப்பி, பம், லேண்ட்மாஸ்டர் எல்லாம் கையில பட்ட சாமான், அதால நீங்கள் வெறுங்கையோட போகேல்ல எண்டதை முதல்ல மனசில வையுங்கோ.

கிரேன் எண்டவுடன எங்கட சனத்துக்கு றோட்டில போற லொறிக் கிரேன்தான் ஞாபகம் வரும். நீங்கள் கூடுதலா பாக்கப்போறது பக்டரிக் கூரைக்குக் கீழ ஓடுற ஓவர்ஹெட் கிரேன். ரெண்டு பக்கச் சுவரோரமும் உயரத்தில ரெயில் இருக்கும், அதுக்கு மேல குறுக்கா ஒரு பெரிய இரும்பு கேடர் சில்லில ஓடும், அந்தக் கேடர்ல ட்ரொலி ஓடும், ட்ரொலியில ஹொய்ஸ்ட், அதாவது பாரம் தூக்கிற மோட்டர்ப் பொறி, அதில றோப் சுத்துற ட்ரம், இரும்புக் கம்பியால முறுக்கின வயர் றோப், கடைசியா கொக்கி. நெடுக, குறுக்க, மேல கீழ எண்டு மூண்டு அசைவு. கீழ நிக்கிற ஆள் தொங்குற பட்டன் பெட்டியை அமத்தி ஓட்டுவார், அதைப் பெண்டன்ட் எண்டுவினம். இதைவிட செயின் ஹொய்ஸ்ட், தூண்ல நிக்கிற ஜிப் கிரேன், வெளி யார்டுகள்ல காலோட நிக்கிற கன்ரி கிரேன் எல்லாம் வரும். கொழும்புத் துறைமுகத்தில கொண்டெயினர் இறக்கிற பெரிய கிரேனும் இதே குடும்பந்தான், மன்னார்ல கரண்ட் எடுக்க நிக்கிற காத்தாடியளின்ர தலைக்குள்ளயும் சாமான் ஏத்தி இறக்க ஹொய்ஸ்ட் வேணும். மாரியில இரணைமடு வான்கதவு திறக்கிறதைப் பாக்கப் போறனாங்கள் எல்லோ, அந்த இரும்புக் கதவைத் தூக்கி அப்பிடியே பிடிச்சு வைச்சிருக்கிற பொறியும் இதுக்குச் சொந்தக்காரன்தான்.

இனி முதல் வருசம். மாமா சொன்னது பாதி உண்மை. முதல் ஆறு மாதம் கிரீஸ் பூசுறது, துடைக்கிறது, டூல்ஸ் காவுறது, ஏணி பிடிக்கிறது, மற்ற ஆள் கழட்டினதை ஒழுங்கா அடுக்கி வைக்கிறது எண்டுதான் போகும். ஆனா அந்த ஆறு மாதத்தில பாக்கப் பழகினவன்தான் பிறகு திருத்தப் பழகுவான். என்னைப் பழக்கினவர் வயசான ஒரு சிங்கள ஐயா, எல்லாரும் பாஸ் எண்டுதான் கூப்பிடுறது. எந்தப் பக்டரிக்குள்ள போனாலும் நாங்கள் உடன அண்ணாந்து கிரேனைப் பாப்பம், அவர் பிடரியில மெல்லமாத் தட்டி "பிம பலன்ன" எண்டுவார், நிலத்தைப் பார் எண்டு அர்த்தம். முதல் மாதம் முழுக்க எனக்கு அதுதான் வேலை, கிரேன் ஓடுற பாதைக்குக் கீழ நிலத்தைப் பாத்து நடந்து கண்டதைக் கொப்பியில எழுதுறது.

நிலத்தில என்ன இருக்கப்போகுது எண்டு நினைப்பீங்கள். எண்ணைச் சொட்டு இருந்தா கியர்பொக்ஸ் சீல் போயிருக்கலாம், அந்தச் சொட்டு எந்த நேருக்கு விழுந்திருக்கு எண்டு பாக்கவேணும், ஏனெண்டால் ஹொய்ஸ்ட் பிறேக்குக்குக் கிட்ட ஒழுகினா எண்ணை பிறேக் லைனிங்ல பட்டுப் பாரம் வழுக்கும். கருப்புத் தூள் இருந்தா அது பிறேக் லைனிங் தேஞ்ச தூளா, கரண்ட் எடுக்கிற கலெக்டர் சூ தேஞ்ச தூளா எண்டு கேள்வி வரும். ஒரு நட் கிடந்தா அண்டைக்கு அந்தக் கிரேன் ஓடவே கூடாது, அது எங்கயிருந்து விழுந்தது எண்டு கண்டுபிடிக்கிற வரைக்கும். ஒருக்கா ஒரு இடத்தில ஒரு பக்க ரெயிலுக்கு நேர கீழ மட்டும் வரிசையா மினுங்கிற இரும்புத் தூள், கோலமாவு சிந்தினது போல. நான் கூட்டிப்போட்ட குப்பை எண்டு நினைச்சன். பாஸ் விரலால தொட்டு வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்திட்டு மேல ஏறினார். சில்லின்ர விளிம்பு ரெயிலோட உரஞ்சி ஒரு பக்கம் கத்தி மாதிரித் தேஞ்சிருந்தது, ரெயிலைப் பிடிக்கிற கிளிப் மூண்டு லூசாகி ரெயில் விலத்தியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா சில்லு ரெயில்ல ஏறியிருக்கும். அந்தத் தூளை நான் கூட்டி அள்ளியிருந்தா ஒருத்தருக்கும் தெரிய வந்திராது.

வயர் றோப் பாக்கிறதும் அப்பிடித்தான். வெறுங்கையால தடவக் கூடாது, அறுந்த கம்பி முள்ளு மாதிரி நீட்டிக்கொண்டு நிக்கும், கையைக் கிழிச்சுப்போடும். தோல் கையுறையைப் போட்டுக்கொண்டு பழைய பருத்தித் துணியை றோப்பில சுத்திப் பிடிக்க வேணும், மற்ற ஆள் பாரமில்லாம ஆக மெதுவா இறக்க வேணும், ட்ரம், கப்பியளுக்குக் கிட்ட கை போகக் கூடாது. துணி எங்க கொழுவுதோ அங்க கம்பி அறுந்திருக்கு. நிப்பாட்டி, அந்த இடத்தில கிட்டக் கிட்ட எத்தினை அறுந்திருக்கு எண்டு எண்ணி எழுத வேணும். பிறகு வேர்னியர் எண்ட அளவுகோலால றோப்பின்ர விட்டத்தை அளக்க வேணும். இதில புதுப் பெடியள் எல்லாரும் விடுற பிழை, முறுக்குக்கு இடையில பள்ளத்தில வைச்சு அளக்கிறது. மேடும் மேடும் படுற மாதிரி, ஆகக் கூடின அளவு வாற இடத்தில பிடிக்க வேணும். உள்ளுக்கு நார் இருக்கிற சாதாரண றோப் எண்டால் 10 வீதம், உள்ளுக்கு இரும்பு இருக்கிறது எண்டால் 7.5 வீதம் சீரா மெலிஞ்சிட்டா றோப்பைக் கழட்ட வேணும் எண்டு கிரேன் றோப்புக்கான சர்வதேச தரம் ஐஎஸ்ஓ 4309 சொல்லுது. 12 மில்லிமீட்டர் றோப்பில 7.5 வீதம் எண்டால் ஒரு மில்லிமீட்டர் கூட வராது, அதாலதான் கண் மட்டத்துக்குச் சொல்லக்கூடாது எண்டுறது. மடிஞ்ச இடம், கூடு மாதிரி உப்பின இடம், உள் நார் வெளிய தள்ளின இடம் கண்டா அளக்கவே தேவையில்லை, அது முடிஞ்ச றோப்.

பிறேக். கிரேன்ல என்னத்தை மறந்தாலும் ஹொய்ஸ்ட் பிறேக்கை மறக்கக் கூடாது. கார்ல நாங்கள் மிதிச்சாத்தான் பிறேக் பிடிக்கும், இதில மறுவளம், கரண்ட் இல்லாட்டி ஸ்பிரிங் அமத்திப் பிடிச்சுக்கொண்டே இருக்கும், கரண்ட் வந்தா கொயில் காந்தமாகி இழுத்து விடும். அதால லைட் போனாலும் பாரம் அந்தரத்தில நிக்கும். லைனிங் தேயத் தேய கொயிலுக்கும் தகட்டுக்கும் இடையில இருக்கிற இடைவெளி கூடும், கூடினா கொயிலால இழுக்கேலாமப் போகும், பிறேக் முழுசா விடாமலே மோட்டர் சுத்தும், லைனிங் எரியும். அந்த இடைவெளியை பீலர் கேஜ் எண்ட மெல்லிய அளவுத் தகடுகளை வைச்சு அளக்கிறதுதான் நீங்கள் பழகப்போற முதல் நுணுக்கமான வேலை, மில்லிமீட்டர்ல பத்தில மூண்டு, நாலு எண்டு வரும், சரியான அளவு அந்தந்த ஹொய்ஸ்ட்டின்ர மனுவல்ல இருக்கும், அதைப் பாக்காம ஞாபகத்தில செட் பண்ண வேண்டாம். கொக்கியில பாரம் இருக்கேக்க பிறேக்கில கை வைக்கவே கூடாது, பாரத்தை நிலத்தில இறக்கி வைச்சிட்டுத்தான் கழட்டுறது. மாமாவின்ர கிரீஸுக்கு இங்கதான் மதிப்பு, எங்க பூசுறது எண்டு தெரிஞ்சா காணாது, எங்க ஒரு துளியும் படக்கூடாது எண்டு தெரிய வேணும்.

கரண்ட் பக்கம் ஒரு கதை சொல்லுறன், எங்கட பக்கத்தில நடந்தது. லீவில வந்து நிக்கேக்க தெரிஞ்ச ஒராளின்ர பட்டறையில 2 தொன் ஹொய்ஸ்ட் ஒண்டு "தலைகீழா வேலை செய்யுது, ஒருக்கா வந்து பார்" எண்டு கூப்பிட்டவை. கரண்ட் வயர் மாத்தினதுக்குப் பிறகு மேல பட்டனை அமத்தினா கொக்கி கீழ வருது, கீழ பட்டனை அமத்தினா மேல போகுது. மோட்டருக்குக் கரண்ட் வாற மூண்டு வயரை மூண்டு பேஸ் எண்டுவினம், அதில ரெண்டு இடம் மாறினா மோட்டர் எதிர்ப்பக்கம் சுத்தும், அவ்வளவுதான் காரணம். அவை அதுக்கு என்ன செய்தவை எண்டால் பட்டன்ல டேப் ஒட்டி, மேல எண்டதைக் கீழ எண்டும் கீழ எண்டதை மேல எண்டும் எழுதிப்போட்டு ரெண்டு நாளா ஓட்டியிருக்கினம். எனக்கு நெஞ்சு பதறிப்போச்சு. ஏனெண்டால் கொக்கி ஆக மேல போனா நிப்பாட்டுறதுக்கு லிமிட் சுவிச் ஒண்டு இருக்கு, அது வெட்டுறது மேல போற கொன்டாக்டரை, கொன்டாக்டர் எண்டது பட்டனை அமத்தினா மோட்டருக்குக் கரண்ட் விடுற சுவிச். இப்ப கொக்கியை மேல கொண்டு போறது கீழ போற கொன்டாக்டர், லிமிட் தட்டினாலும் அது நிக்காது, கொக்கி போய் ட்ரம்மில அடிச்சு றோப் அறுந்து பாரத்தோட கீழ வரும், கீழ நிக்கிறது பட்டனை அமத்துற ஆள். நான் மெயினை நிப்பாட்டி வரவு வயர்ல ரெண்டு பேஸை மாத்திப் போட்டு, பாரமில்லாம மெதுவா மேல விட்டு லிமிட் வெட்டுதா எண்டு ரெண்டு தரம் பாத்த பிறகுதான் டேப்பை உரிச்சனான். இதை எழுதி வையுங்கோ, பேஸ் மாறினா திருத்திற இடம் வரவுப் பக்கம், பெண்டன்ட் வயரை மாத்திற விளையாட்டு வேண்டாம். ஜெனரேட்டர் மாத்தினாலும், கரண்ட் போர்ட்டில ஆரும் கை வைச்சாலும் முதல் வேலை கொக்கி எந்தப் பக்கம் போகுது, லிமிட் வேலை செய்யுதா எண்டு பாக்கிறதுதான்.

அம்மாவின்ர பயத்துக்கு வாறன். எங்கட அம்மாமார் பட்ட பாட்டுக்கு அந்தப் பயம் நியாயமானது, அதைச் சும்மா "ஒண்டும் நடக்காது" எண்டு தட்டிவிடாதேங்கோ, என்ன செய்வம் எண்டு விளக்கமாச் சொல்லுங்கோ. மேல ஏற முதல் ஐசோலேட்டரை, அதாவது கிரேனுக்கு வாற கரண்ட்டை முழுசா வெட்டுற சுவிச்சை, நிப்பாட்டி எங்கட சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியை எங்கட பொக்கெட்டில வைச்சிருப்பம், ஒரு வேலையில 3 பேர் எண்டால் 3 பூட்டு, ஆரும் மற்றவன்ர பூட்டைக் கழட்டேலாது. பிறகு டெஸ்டரை உயிருள்ள கரண்ட்டில வைச்சு அது வேலை செய்யுதெண்டு பாத்து, வேலை செய்யுற இடத்தில வைச்சுப் பாத்து, திரும்ப உயிருள்ளதில வைச்சுப் பாப்பம், டெஸ்டரே செத்திருந்தா எல்லாம் செத்த மாதிரித்தான் காட்டும். மோட்டரின்ர வேகத்தைக் கட்டுப்படுத்திற டிரைவ் பெட்டி இருந்தா நிப்பாட்டின உடன திறக்கக் கூடாது, உள்ளுக்குள்ள கப்பாசிட்டர்ல கரண்ட் நிக்கும், எத்தினை நிமிசம் பொறுக்க வேணும் எண்டு மூடியில எழுதியிருக்கும். ஹார்னஸ் எண்ட உடம்போட கட்டுற பாதுகாப்புப் பட்டியில ரெண்டு கொழுக்கி, ஒண்டைக் கழட்ட முதல் மற்றதை மாட்டியிருப்பம். ஸ்பனருக்குக் கூட கயிறு கட்டியிருக்கும், கீழ ஆக்கள் வராம மறிச்சிருக்கும். இதெல்லாம் ஒழுங்கா நடக்கிற இடத்தில மேல நிக்கிறது எனக்கு ஏ9 றோட்டில மோட்டர் சைக்கிள் ஓடுறதை விடப் பயமில்லை, மெய்யாச் சொல்லுறன்.

நடக்காத இடங்களும் இருக்கு. நான் ரெண்டாம் வருசம் ஒரு சைட்டில, பேர் வேண்டாம், "லைன் நிண்டா நட்டம், நிப்பாட்டாம மேல ஏறிப் பார்" எண்டு அங்கத்தைய சுப்பவைசர் கத்தினார். எனக்கு அப்ப சிங்களம் பாதிதான் விளங்கும், வாய் திறக்கப் பயம், ஏறிட்டன். பாஸ் வந்து கண்டு கீழ இறக்கி, சுப்பவைசரை ஒண்டும் பேசேல்ல, என்னைத்தான் பேசினார். ஏறமாட்டன் எண்டு சொல்ல உனக்கு உரிமை இருக்கு, அதைச் சொல்லத் தெரியாட்டி ஸ்பனரைத் தொடாத எண்டார். அண்டைக்கு இரவு போடிங்ல இருந்து நான் பாடமாக்கின முதல் முழுச் சிங்கள வசனம், மெயினைப் பூட்டாம நான் ஏறமாட்டன் எண்டதுதான். உங்களுக்கும் அதைத்தான் முதல்ல படிக்கச் சொல்லுவன். வேர்க்சொப்பில சிங்களம் இல்லாம ஏலாது, ஒரு வருசத்தில வந்திடும், ஆனா இந்த ஒரு வசனத்துக்கு ஒரு வருசம் பொறுக்கேலாது.

இப்ப இருந்தே வேற என்ன படிக்கலாம் எண்டால், கணக்கில சைன் கொசைனை மறக்காதேங்கோ, தினமும் தேவைப்படும். ஒரு உதாரணம், 1 தொன் பாரத்தை ரெண்டு கால் ஸ்லிங் (பாரத்தைக் கொக்கியில மாட்டுற கயிறோ சங்கிலியோ) போட்டுத் தூக்கிறீங்கள் எண்டு வையுங்கோ. நேரா தொங்கினா ஒவ்வொரு காலுக்கும் அரைத் தொன். நிலத்தோட 60 பாகையில சரிஞ்சா ஒவ்வொண்டுக்கும் 0.58 தொன் அளவில வரும், பரவாயில்ல. 30 பாகைக்குச் சரிஞ்சா ஒவ்வொரு காலுக்கும் முழு 1 தொன். பாரம் மாறேல்ல, கோணம் மட்டுந்தான் மாறினது. அரைத் தொன் ஸ்லிங் ரெண்டு இருக்கு, 1 தொன் தானே எண்டு கூட்டிப் பாக்கிற ஆக்களை நீங்கள் கிழமைக்கு ஒருக்காக் காணுவீங்கள். பிறகு கொன்டாக்டர், மோட்டருக்குக் கரண்ட் கூடினா வெட்டுற ஓவர்லோட், லிமிட் சுவிச் போட்ட சின்னக் கொன்ட்ரோல் சேர்க்கிட்டை வரைஞ்சு பழகுங்கோ, மோட்டர் முன்னுக்கும் பின்னுக்கும் சுத்திற சேர்க்கிட் விளங்கினா ஹொய்ஸ்ட் பாதி விளங்கின மாதிரி, நான் மேல சொன்ன பட்டறைக் கதையை நீங்களே வரைஞ்சு பாக்கலாம். மனுவல் எல்லாம் இங்கிலீஷ், பேசத் தேவையில்ல, வாசிச்சு விளங்கினாக் காணும்.

பேப்பர் விசயம் கெதியாச் சொல்லிட்டுப் போறன். சேர முதல் நைட்டாவில (அப்ரன்டிஸ் பயிற்சிக்கான அரச அதிகாரசபை) பதிஞ்ச அப்ரன்டிஸ் ஒப்பந்தமா, முடிவில என்விகியூ (தேசிய தொழில் தகைமை) லெவல் 4 சோதிக்க விடுவினமா எண்டு எழுத்தில கேளுங்கோ. வாயால "பிறகு செய்து தருவம்" எண்டா நம்பிப் போகாதேங்கோ, அப்பிடி மூண்டு வருசத்தை விட்ட பெடியளை எனக்குத் தெரியும், வேலை நல்லாத் தெரியும், காட்ட ஒரு துண்டும் இல்ல. அவைக்கும் வழி இருக்கு, அனுபவத்தை வைச்சு மதிப்பிட்டு என்விகியூ குடுக்கிற முறை இருக்கு, ஆனா நேரகாலத்தோட செய்தா அலைச்சல் இல்ல. இந்த இடம் சரிவராட்டி கொழும்புக்குத்தான் போக வேணும் எண்டும் இல்ல, கிளிநொச்சி அறிவியல் நகர்ல 2016ல திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கு, வவுனியாவில தொழில்நுட்பக் கல்லூரி இருக்கு, மெக்கானிக்கலோ எலெக்ட்ரிக்கலோ அங்க முடிச்சிட்டு கிரேன் பக்கம் வரலாம். மேல படிக்கிற எண்ணம் இருந்தா லெவல் 5, 6 முடிச்சு ரத்மலானையில இருக்கிற யூனிவொடெக் எண்ட தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்தில டிகிரி வரைக்கும் போகலாம்.

கொம்பனியிட்ட இன்னும் ரெண்டு விசயம் கேக்க வேணும். முதல் வருசம் என்னைத் தனிய சைட்டுக்கு அனுப்புவீங்களோ எண்டு கேளுங்கோ, ஓம் எண்டா யோசியுங்கோ. ஹார்னஸ், சப்பாத்து, ஹெல்மெட், பூட்டு, இன்சூரன்ஸ் ஆர் தாறது எண்டு கேளுங்கோ. அலவன்ஸ் குறைவாத்தான் இருக்கும், போடிங் காசும் சாப்பாடும் போக மிச்சம் பிடிக்கேலாது, முதல் வருசம் வீட்டுக்கு அனுப்புவன் எண்டு அம்மாவுக்கு வாக்குக் குடுக்காதேங்கோ.

போகேக்க பொக்கெட்டுக்க அடங்கிற கொப்பி ஒண்டும் பென்சிலும் கொண்டு போங்கோ, பேனை கிரீஸ் கையில எழுதாது. முதல் நாளே ஒரு பக்கத்தில திகதி, எந்தக் கிரேன், எத்தினை தொன், நிலத்தில என்ன கண்டனீங்கள் எண்டு எழுதுங்கோ, ஒண்டும் இல்லாட்டி ஒண்டும் இல்ல எண்டு எழுதுங்கோ. ஒரு மாதம் எழுதினாப் பிறகு படம் எடுத்து எனக்குப் போடுங்கோ, பாத்துச் சொல்லுறன்.